கால்மாட்டில் ஒரு வாளி

ஞானபூரணி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து கணவரின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்திருந்ததில் நகங்கள் இளகியிருந்தன. பெருவிரல் நகம் மட்டும் தடித்துப்போய், நகவெட்டியின் வாய்க்குள் அடங்காமல் நழுவியது. பாதங்கள் வீங்கியிருந்தன. அவள் விரல் அழுத்திய இடமெல்லாம் குழி விழுந்தது. அந்தக் குழி அவசரமே இல்லாமல் மெல்ல நிரம்பியது.

காலையில் கண் விழித்ததும் சின்னராஜ் கேட்டது இதைத்தான்.

“பூரணி, கால் நகத்தைக் கொஞ்சம் வெட்டிவிடு.”

“இப்ப என்னத்துக்குங்க? மொதல்ல கஞ்சியக் குடிங்க.”

“உதைக்கிறப்ப வாளியில கீறல் விழுந்துரும்ல.”

அவள் சட்டென்று வாசல் பக்கம் பார்த்தாள். மகன் பெனோ வெளியில் நின்று செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுந்திருக்காது. வந்த சிரிப்பை அவள் உதட்டுக்குள் மடக்கிக்கொண்டாள். அது தொண்டை வழியாக இறங்கும்போது வேறு எதுவாகவோ ஆகிவிட்டது.

ஜன்னலுக்கு அவளுடைய பழைய நீல நைலான் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தாள். காற்றாடிக் காற்றில் அது உப்பி அடங்க, அறைக்குள் நீல வெளிச்சம் வருவதும் போவதுமாக இருந்தது. சின்னராஜும் அப்படித்தான் வருவதும் போவதுமாக இருந்தார். ஒரு நகம் வெட்டி முடிப்பதற்குள் தூங்கிவிடுவார். அடுத்ததைத் தொட்டதும் கண்ணைத் திறப்பார். திறந்த கண்கள் அறைக்குள் எதையும் பார்க்கவில்லை. எங்கேயோ நீண்டு கிடக்கும் ஒரு ரோட்டைப் பார்த்தன.

“குன்றக்குடி மலை தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“அப்பச் சரி. அங்கன போயி ஒரு டீ குடிச்சுக்கிருவோம்.”

சின்னராஜ் காரைக்குடியில் டாக்சி ஓட்டியவர். சொந்தமாக ஒரு வெள்ளை அம்பாசிடர் வைத்திருந்தார். கண்டனூரிலும் அதைச் சுற்றியும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய காலத்தில், ஓட்டல்காரர்கள் அவரைத்தான் கூப்பிட்டார்கள். மாடு குறுக்கே வந்தால் ஹாரன் அடிக்காமல் அது கடக்கும்வரை நிற்பார். காதில் விழுந்த இங்கிலீஷை மறக்காமல் வைத்திருந்து மறுநாள் பேசிப் பார்ப்பார். தப்பாகப் பேசிவிட்டாலும் கூச்சப்படமாட்டார்.

அப்படி ஒருமுறை இங்கிலாந்திலிருந்து வந்த புருஷன் பெண்சாதியைக் காளையார்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பும்போது, கார் நடுவழியில் நின்றுவிட்டது. எஞ்சின் கொதித்துப் போயிருந்தது. டிக்கியில் எப்போதும் கிடக்கும் தகர வாளியை எடுத்துக்கொண்டு போய், கண்மாயில் தண்ணீர் மொண்டுவந்து ரோட்டோரம் வைத்தார். பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் இறங்கிவந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஷீ ஹேஸ் கிக்டு த பக்கெட்” என்றாள்.

சின்னராஜ் பதறிப்போய் வாளியைத்தான் பார்த்தார். வைத்த இடத்தில் அது நின்றுகொண்டிருந்தது. தண்ணீர்கூடத் தளும்பவில்லை.

“நோ மேடம். பக்கெட் இஸ் குட்.”

அந்த இரண்டு பேரும் ரோட்டோரம் இருந்த சின்னப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அப்புறம் விளக்கினார்கள். வாளியை உதைப்பது என்றால் செத்துப்போவது. துக்கமாகச் சொல்வதில்லை. கொஞ்சம் வேடிக்கையாக, நெருங்கியவர்களுக்குள் சொல்லிக்கொள்வது. அம்மாள் திருப்பிக் கேட்டாளாம், தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று. மண்டையைப் போட்டுட்டான் என்போம் என்று இவர் சொன்னார். மண்டையை எங்கே போடுவது என்று அவள் கேட்டதும் இவர் மறுபடி பானெட்டுக்குள் குனிந்துகொண்டார்.

அன்று சாப்பிடும்போது இதையெல்லாம் அவர் சொல்லக் கேட்ட ஞானபூரணி, “சாகுறதுக்கும் வாளிக்கும் என்னங்க சம்பந்தம்?” என்றாள்.

“நானும் அதத்தான் கேட்டேன். தூக்கு மாட்டிக்கிறவன் வாளியக் கவுத்துப்போட்டு ஏறி நின்னு, அப்புறம் அத உதைச்சுத் தள்ளிருவானாம். அதுலருந்து வந்துச்சுன்னு அந்த ஐயா சொன்னாரு.”

“நல்லாருக்கு. சோறு திங்கிறப்ப சொல்ற பேச்சா இது. வேற எதுனாச்சும் காரணம் இருக்கும். கேட்டுப் பாருங்க.”

அவள் விளையாட்டாகச் சொன்னதை அவர் வேலையாகவே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு காரில் ஏறிய வெள்ளைக்காரர்கள் எல்லோரிடமும், “ஒய் பக்கெட், சார்?” என்று கேட்டார். பாதிப் பேருக்குத் தெரியவில்லை. கறிக்கடை வைத்திருந்த ஒருவர், பன்றியைத் தலைகீழாகத் தொங்கவிடும் மரக்கட்டைக்கு எங்கள் பக்கத்தில் முன்பு பக்கெட் என்றுதான் பெயர், அறுக்கும்போது கால் அதில் போய் இடிக்கும் என்றார். ஞானபூரணிக்கு அதுவும் பிடிக்கவில்லை. கடைசியாக ஒரு வயதானவர், கோயில்களைப் படம் வரைய வந்தவர், வேறொன்று சொன்னார். அந்தக் காலத்தில் கத்தோலிக்க வீடுகளில் யாராவது இறந்துவிட்டால், உடலைக் கிடத்தி, கால்மாட்டில் தீர்த்த வாளி வைப்பார்களாம். வருகிறவர்கள் அதிலிருந்து தெளித்துவிட்டு ஜெபம் சொல்வார்களாம். இறந்தவர் காலை நீட்டினால் வாளியில் படும். அவ்வளவுதான்.

அன்றைக்கு சின்னராஜ் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்தார்.

“பூரணி, கண்டுபிடிச்சாச்சு. நம்ம ஆளுக சமாச்சாரந்தான் அது.”

முழுவதையும் கேட்டுவிட்டு அவள் அடுப்பைத் தணித்தாள். “செத்தவுக எப்படிங்க உதைப்பாக? பாக்க வந்தவுக எவுகளாச்சும் தட்டிவிட்டுட்டு அவுக மேல பழியப் போட்டிருப்பாக” என்றாள்.

அதிலிருந்து அது அவர்கள் இருவருக்குமான சொல் ஆகிவிட்டது. மிக்சி வாளியை உதைத்தது. மோட்டார் வாளியை உதைத்தது. பிறகு ஒருநாள் அம்பாசிடரே உதைத்தது, அதற்குப் பதில் வேறு கார் வந்தது. பொருள்களுக்குத்தான் சொன்னார்கள். மனிதர்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

சின்னராஜுக்கு உடம்பு முடியாமல் போனபோது, மதுரையில் டாக்டர் அவருடைய பிள்ளைகள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஈரலில் தொடங்கியது எல்லா இடத்துக்கும் போய்விட்டது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்று அக்காவும் தம்பியும் வாதாடினார்கள். அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றாள் மரிய அனிதா. கூடவே கூடாது என்றான் பெனோ.

“மஞ்சக்காமாலைன்னு சொல்லுவோம். நாட்டு மருந்து குடுத்தாச் சரியாயிரும்னு சொல்லுவோம். அவரு பயந்துட்டாருன்னா இருக்கிற நாளும் போயிரும்.”

“பொய் சொல்லிக்கிட்டே பக்கத்துல உக்காந்திருக்கப் போறியாடா?”

“ஆமா. உக்காந்திருப்பேன். நீ கோயம்புத்தூருக்குப் போயிருவ. நான்தான உக்காந்திருக்கணும்.”

எல்லாவற்றையும் கேட்டபடி பக்கத்தில் நின்ற அம்மாவின் கையைப் பெனோ பிடித்துக்கொண்டு, நீயும் சொல்லக்கூடாது என்றான். ஞானபூரணி தலையாட்டினாள். அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் மருந்தைப் பற்றி மட்டும் போனில் பேசிக்கொண்டார்கள்.

காரைக்குடி செக்காலையில் இருக்கும் அவர்களுடைய சிறிய வீட்டில் மஞ்சக்காமாலை என்ற சொல் ஒரு விருந்தாளி மாதிரி வந்து தங்கியது. அக்கம்பக்கத்தார் அதையே சொன்னார்கள். சின்னராஜும் அதையே சொன்னார்.

ஒரு மத்தியானம் ஞானபூரணி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் தூங்குவதாக நினைத்திருந்தாள்.

“பூரணி.”

“ம்.”

“இந்த வண்டி வாளிய உதைக்கப் போகுதா?”

அவள் கை நின்றது. சாகப்போறேனா என்று கேட்டிருந்தால் அவளுக்குப் பதில் தயாராக இருந்தது. என்ன பேச்சு பேசுறீக, அதெல்லாம் ஒண்ணுமில்ல என்று சொல்லியிருப்பாள். அந்தக் கேள்விக்கு யாரிடம் கேட்டாலும் அதுதான் பதில். இந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதிலை யாரும் அவளுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. வெங்காயத்தால் கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது.

“ஆமாங்க” என்றாள்.

அவர் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார். தெருவில் பழைய பேப்பர்க்காரன் குரல் கொடுத்துக்கொண்டே போனான். அவன் குரல் தெருமுனை திரும்பித் தேயும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எம்புட்டுத் தூரம் ஓடுமாம்?”

“ரொம்ப ஓடாதுன்னாகளாம்.”

“சரி.” பிறகு கேட்டார், “வெங்காயம் சாம்பாருக்கா, வத்தக்குழம்புக்கா?”

“வத்தக்குழம்புக்கு.”

“சுண்டவத்தல் போடு.”

அன்றையிலிருந்து அவர்கள் பேசினார்கள். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பேசியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் இடமிருக்கும், சாமியாரிடம் கேட்டு வை என்றார். நினைவு தப்புவதற்கு முன்னால் அவர் வந்து எண்ணெய் பூசி ஜெபித்து நோயில்பூசுதல் கொடுக்கட்டும், வரச்சொல் என்றார். மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக விட்டுவிடாதே என்றார். எல்லாம் வண்டிப் பேச்சாகவும் வாளிப் பேச்சாகவுமே இருந்தது. “எந்தக் காலால உதைப்பீக?” என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு, “கிளட்ச் மிதிச்ச கால்தான் பலம்” என்றார். இருவரும் சிரித்தார்கள். வெளியில் இருந்த பெனோ எட்டிப் பார்த்து, அப்பா தைரியமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனான். அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியை அவளால் பார்க்க முடியவில்லை.

“அவன்கிட்டயும் சொல்லிருங்க. பாவம், பொய் சொல்லிச் சொல்லி இளைச்சுப் போனான்.”

சின்னராஜ் வேண்டாமென்று தலையசைத்தார். “அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவன் நிக்கிறான். உருவிட்டா விழுந்துருவான். நான் போறவரைக்கும் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும்.”

“போனப்புறம்?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரா, தூங்குகிற மாதிரி இருந்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வலது காலின் நகங்களையும் வெட்டி முடித்து, துண்டுகளைக் காகிதத்தில் பொதிந்துகொண்டிருந்தபோது பெனோ உள்ளே வந்தான்.

“அப்பா, டாக்டர்ட்ட பேசிட்டேன். நாளைக்குப் புது மருந்து ஒண்ணு தர்றாராம். அதக் குடிச்சா வீக்கம் வடிஞ்சுரும்னாரு.”

சின்னராஜ் கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தார். வெகுதூரத்திலிருந்து திரும்பி வருவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அப்படியா. நல்லதுப்பா. நீ சாப்புட்டியா?”

“இன்னும் இல்லப்பா.”

“போயிச் சாப்புடு. வெறும் வயித்தோட அலையாத.”

பெனோ போனதும் அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு பாதங்களையும் மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினாள். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. நீல வெளிச்சம் அவர் முகத்தில் ஏறியது, இறங்கியது.

“பின்னாடி இருக்கவுக தூங்கிட்டாக போல” என்றார்.

“ஆமாங்க. தூங்குறாக.”

“அப்ப மெல்லப் போவோம்.”

“மெல்லப் போங்க. ஒண்ணும் அவசரமில்ல.”

மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டு போனது. ஒவ்வொரு இடைவெளியிலும் அவள் காத்திருந்தாள், அடுத்தது வந்தது. ரோட்டில் மாடு கடந்து போகும்வரை அவர் காத்திருப்பதைப் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அந்த மாதிரிதான் இருந்தது. ஓர் இடைவெளியில் அவளும் நிதானமாகவே காத்திருந்தாள். திரை உப்பியது, அடங்கியது, மறுபடி உப்பியது. மடியில் இருந்த பாதங்கள் அசையவே இல்லை. அவை எண்ணெயில் பளபளத்தபடி அவள் கைச்சூட்டில் இருந்தன. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு யார் கேட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

“பெனோ” என்று கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. கட்டிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஐஸ் பெட்டியை வைத்தார்கள். தலைமாட்டில் சிலுவையும் மெழுகுவர்த்தியும். கோயில் உபதேசியார் கைப்பிடி வைத்த சின்னப் பித்தளை வாளியில் தீர்த்தம் கொண்டுவந்து, கால்மாட்டில் ஒரு முக்காலி போட்டு அதன்மேல் வைத்தார். சாமியார் வரும்போது தெளிக்க வேண்டும், அதுவரை வருகிறவர்களும் தெளிக்கலாம் என்றார். ஞானபூரணி அந்த வாளியைப் பார்த்தாள். அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அவள் அழாமல் இருப்பதைப் பார்த்துத் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள்.

கார் ஸ்டாண்டிலிருந்து கருத்தையா வந்து கைகட்டி நின்றார். சின்னராஜுடன் ஒன்றாக வண்டி ஓட்டியவர், சாவுக்கு வந்தவர் மாதிரி இல்லாமல் சவாரிக்குக் காத்திருப்பவர் மாதிரிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அனிதா வந்து சேர்ந்தாள். பெட்டியின் கண்ணாடி மேல் கன்னத்தை வைத்து அழுதாள். அழுது ஓய்ந்ததும் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள்.

“தெரியாமலே அனுப்பிட்டேல்லடா.”

பெனோ கால்மாட்டுப் பக்கம் நகர்ந்தான்.

“ஒரு மனுஷனுக்கு யார்கிட்ட என்ன சொல்லணும்னு இருக்கும்ல? யாரப் பாக்கணும்னு இருக்கும்ல? கடைசி வரைக்கும் மஞ்சக்காமாலைன்னு நம்ப வச்சே அனுப்பிட்ட.”

“அவரு பயந்துரக்கூடாதுன்னுதான்க்கா.”

“அவருக்குப் பயமா, உனக்குப் பயமா?”

பெனோவின் கை முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஞானபூரணி பார்க்கப் பார்க்க அவன் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. சொன்னால் அவன் சொன்ன பொய் அத்தனையும் வெளுத்துவிடும். சொல்லாவிட்டால் இந்தக் கேள்வியை அவன் ஆயுசுக்கும் சுமப்பான். போனப்புறம் என்று அவள் கேட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டது இதை அவளிடமே விட்டுவிடத்தான் போல.

“அப்பாவுக்குத் தெரியும்” என்றாள் ஞானபூரணி.

இருவரும் திரும்பினார்கள்.

“என்ன தெரியும்?”

“எல்லாந்தான்.”

“நீ சொல்லிட்டியாம்மா?” பெனோவின் குரல் உடைந்திருந்தது.

“நானாச் சொல்லல. அவுக கேட்டாக. ஆமான்னேன்.”

“சாகப்போறேனான்னு கேட்டாரா?” என்றாள் அனிதா.

“அப்படிக் கேக்கல.” அவ்வளவு பேர் நடுவில் அதை எப்படிச் சொல்வது என்று அவள் தயங்கினாள். அவள் வாயில் இங்கிலீஷ் வந்து யாரும் கேட்டதில்லை. “கிக் த பக்கெட்டுன்னு ஒண்ணு சொல்லுவாகல்ல. வண்டி வாளிய உதைக்கப் போகுதான்னு கேட்டாக.”

கருத்தையா சுவரிலிருந்து நிமிர்ந்தார். பெனோ அம்மாவையே பார்த்தான். பிறகு அவன் பார்வை மெல்லக் கண்ணாடிக்குள் இருந்த பாதங்களுக்குப் போய், அங்கிருந்து முக்காலியின் மேலிருந்த பித்தளை வாளிக்கு வந்தது. அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகத்தான் தொடங்கியது. பாதியில் அது திசைமாறி, அவன் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின.

“அப்ப நான் சொன்னதெல்லாம்? புது மருந்து, அது இதுன்னு?”

“கேட்டுக்கிட்டாகப்பா.”

“என்னப் பாத்துச் சிரிச்சாகளா?”

“இல்லடா. நீ போனப்புறம் கதவையே பாத்துக்கிட்டு இருப்பாக.”

அனிதா நகர்ந்துவந்து தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனைத் தொடவில்லை. தொடுகிற தூரத்தில் உட்கார்ந்தாள்.

“எங்ககிட்ட ஏம்மா மறைச்சீக ரெண்டு பேரும்?”

ஞானபூரணி முந்தானையால் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தாள். யோசித்துப் பார்த்தபோது, அந்த நாட்களைத் தனக்கும் அவருக்கும் மட்டுமாக வைத்துக்கொள்ள அவளுக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல முடியாது.

“என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?” என்று அனிதா கேட்டாள்.

“சொன்னாக. அனிதா ராத்திரி பஸ்சுல வரவேணாம், டிரைவருக தூங்கிருவாங்கெ, பகல்ல வரச் சொல்லுன்னாக.”

அனிதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பகலிலேயே கிளம்பி, இருட்டுவதற்குள் வந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெனோ மூக்கைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தான். எதையோ தேடினான். திரையின் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது.

“அது எங்கருந்து வந்துச்சுன்னு அப்பா எல்லார்ட்டயும் கேட்டுக்கிட்டே இருப்பாருல்ல?”

“ஆமா. போட்டிருக்கா?”

“போட்டிருக்கு. இருநூறு வருஷத்துக்கு முந்தியே கொச்சைப் பேச்சு அகராதி ஒண்ணுல வந்திருச்சாம்.” அவன் மெதுவாக, வரிவரியாக அம்மாவுக்குத் தமிழில் சொன்னான். “தூக்குப் போட்டுக்கிறவன் நிக்கிற வாளின்னு சிலபேரு சொல்றாங்களாம். பன்னியத் தொங்கவிடுற கட்டைன்னு சிலபேரு. அப்புறம், கத்தோலிக்க வீட்டுல கால்மாட்டுல வைக்கிற தீர்த்த வாளி.”

“மூணும் இருக்கா?”

“மூணும் இருக்கு.”

“எது சரின்னு போட்டிருக்கு?”

“யாருக்கும் உறுதியாத் தெரியாதாம்மா.”

ஞானபூரணிக்கு அது ஏனோ நிறைவாக இருந்தது. அந்தக் கண்மாய்க்கரைத் தம்பதி, கறிக்கடைக்காரர், படம் வரைந்த கிழவர் எல்லோரும் அவருடைய பின்சீட்டிலிருந்து இறங்கி ஒருமுறை உள்ளே வந்துவிட்டுப் போனது போலிருந்தது.

“மூணாவதுதான் அவனுக்கு” என்றார் கருத்தையா, சுவரோரத்திலிருந்து. “ஸ்டாண்டுல ஒருத்தர விடாமச் சொல்லியிருக்கான். எங்க சாதிசனத்துல வாளியெல்லாம் வைக்கிறதில்லையே, எனக்கு என்னடா சொல்லுவேன்னு கேட்டேன். உனக்கு மண்டையப் போடுறதுதான்டான்னுட்டான்.”

பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் ஞானபூரணிக்கு அழுகை வந்தது. நெடுநேரம் அது ஓயவே இல்லை. அனிதா ஒரு பக்கமும் பெனோ ஒரு பக்கமும் அவள் தோளைப் பிடித்திருந்தார்கள். அவர்கள் கைகள் அவள் முதுகுக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்று பட்டுக்கொண்டிருந்ததை அவள் உணர்ந்தாள்.

மறுநாள் சாமியார் வந்து ஜெபித்தார். உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து தீர்த்தம் தெளித்தார்கள். கருத்தையாவும் மற்றவர்களைப் பார்த்து அதே மாதிரிச் செய்தார். முக்காலி ஒருமுறைகூட ஆடவில்லை. பெட்டியை மூடுவதற்கு முன் ஞானபூரணி பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருந்தன. அவள் அவருடைய வேட்டியின் கரையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டாள். கல்லறைத் தோட்டத்தில் அவருடைய அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. கேட்டு வைத்திருந்த இடம்தான். முதல் பிடி மண்ணைப் பெனோ போட்டான்.

திரும்பி வந்து குளித்துவிட்டு அவள் முற்றத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே அக்காவும் தம்பியும் சாப்பிடும் சத்தம் கேட்டது. ரசத்தைக் கொஞ்சம் ஊத்திக்க என்று அனிதா சொன்னாள். போதும்க்கா என்று பெனோ சொன்னான்.

வாசலில் போட்டிருந்த பந்தலைப் பிரிக்க ஓர் ஆள் வந்திருந்தார். கண்டனூரில் நாளை ஒரு விசேஷம், இந்தத் துணி அங்கே வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“கழட்டலாமாம்மா?”

“கழட்டுங்க.”

அவர் மூங்கில்களின் முடிச்சுகளை அவிழ்த்தார். சிவப்பும் மஞ்சளுமாக இருந்த பெரிய துணி மூச்சு விடுகிற மாதிரி ஒருமுறை மேலெழுந்து, பிறகு மெல்லத் தரைக்கு வந்தது. அதற்கு மேலே வானம் வெளுப்பாகத் திறந்து கிடந்தது. அவர் துணியின் இரண்டு முனைகளைப் பிடித்து உதறினார். மறுமுனை தரையில் இழுபட்டது. கூட வந்த ஆள் எங்கேயோ போயிருந்தார். எப்படி மடிப்பது என்று தெரியாமல் அவர் அங்கேயே நின்றார்.

ஞானபூரணி படியிறங்கிப் போய் மறுமுனைகளை எடுத்தாள்.

“நீங்க உக்காருங்கம்மா, நான் பாத்துக்கிறேன்” என்றார் அவர்.

அவள் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்து நின்றாள். துணி அவர்களுக்கு நடுவில் விறைத்து நேரானது. பிறகு அவள் அவரை நோக்கி நடந்துபோய், தன் கையிலிருந்ததை அவர் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு, மறுபடி பின்னால் நடந்தாள்.